ரொக்கத்துக்கு மாறினால் வீட்டுச் செலவு குறையுமா?

கேள்வி: கணவர், நான் இருவருமே வேலைக்குப் போகிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து 74,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன் தவணை 21,000 ரூபாய். மளிகை, காய்கறி, பெட்ரோல், ஹோட்டல் என எல்லாவற்றுக்கும் செல்போனில் ஸ்கேன் செய்தோ கிரெடிட் கார்டைத் தேய்த்தோ கொடுத்துவிடுகிறோம். 20ஆம் தேதிக்குள் கணக்கு காலியாகிவிடுகிறது. எங்கே போனதென்று பாஸ்புக்கைப் பார்த்தாலும் புரிவதில்லை. கார்டில் 38,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. மாதம் 2,000 கட்டி வருகிறோம். எல்லாச் செலவையும் ரொக்கமாகவே செய்யுமாறு மாமியார் சொல்கிறார், கணவர் சிரிக்கிறார். யார் சொல்வது சரி? கார்டை வெட்டிப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரி, அன்றாடச் செலவைப் பொறுத்தவரை உங்கள் மாமியார் சொல்வதே சரி. கையால் எண்ணிக் கொடுக்கும்போது பணம் குறைவது கண்ணுக்குத் தெரிகிறது. கார்டிலோ செல்போனிலோ கொடுக்கும்போது பொருள் இன்று வருகிறது, பணம் போனது பிறகே உறைக்கிறது. 2001ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர்களான பிரெலெக்கும் சிமெஸ்டரும் நிர்வாகவியல் மாணவர்களிடையே கூடைப்பந்துப் போட்டிக்கான டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். ரொக்கமாகத் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கார்டில் தரலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு விலை கேட்டார்கள். காய்கறிக் கடையில் நாமும் இரு மடங்கு வாங்கிவிடுவோம் என்று இதற்குப் பொருளில்லை. கட்டும் முறை மாறினால் மனம் போடும் கணக்கும் மாறுகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. கிரெடிட் கார்டு பாக்கிக்குப் பெரும்பாலும் மாதம் 3 முதல் 4 சதவீதம் வரை வட்டி போடுகிறார்கள். உங்கள் கார்டுக்கு 3.5 சதவீதம் என்று கொண்டால், 38,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 1,330 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,570 ரூபாயை நெருங்கும். நீங்கள் கட்டும் 2,000 ரூபாயில் அசலுக்குப் போவது 430 ரூபாய்தான். அது போதாதென்று, முழுப் பாக்கியையும் கட்டாத வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைப்பதில்லை. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ஆகவே முதல் வேலை, கார்டில் புதுச் செலவு செய்வதை இன்றே நிறுத்துவது. இரண்டாவது, வங்கி வைப்பிலோ சீட்டிலோ சேமிப்பு இருந்தால் அதை எடுத்தாவது இந்தப் பாக்கியை அடைப்பது. ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டிக்கொண்டே 7 சதவீத வட்டிக்குச் சேமிப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

இனி ரொக்கத்துக்கு வருவோம். கடன் தவணை, பள்ளிக் கட்டணம், மின்கட்டணம், காப்பீடு போன்றவற்றின் தொகையை நீங்கள் நின்ற இடத்தில் முடிவு செய்வதில்லை. அவை வங்கி வழியாகவே போகட்டும், ரசீதும் பதிவும் இருக்கும். கடை வாசலில் நிற்கும்போது தொகை முடிவாகும் செலவுகளுக்குத்தான் ரொக்கம் வேண்டும்: காய்கறி, பழம், மீன், சில்லறை மளிகை, ஹோட்டல் சாப்பாடு, உங்கள் இருவரின் கைச்செலவு. இவற்றுக்குத் தனித்தனி உறை போடுங்கள். எவ்வளவு வைப்பது என்பதை ஆசையால் முடிவு செய்யாமல், கடந்த மூன்று மாதங்களில் உண்மையில் செலவான தொகையைப் பார்த்து அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் குறைத்து வையுங்கள். முதல் மாதமே பாதியாகக் குறைத்த குடும்பங்கள் மூன்றாவது வாரத்தில் மறுபடியும் செல்போனை எடுத்துவிடுகின்றன.

மாதப் பணத்தை மொத்தமாக எடுத்து வீட்டில் வைக்க வேண்டாம். கையில் இருக்கிறது என்று தெரிந்தால் கைமாற்று கேட்பவர்களும் வருவார்கள், திருட்டுப் பயமும் உண்டு. வாரம் ஒருமுறை எடுங்கள். சொந்த வங்கியின் ஏ.டி.எம்.மில் மாதம் ஐந்து முறை கட்டணமின்றி எடுக்கலாம் என்பதால் அதற்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் 23 ரூபாய் வரை கட்டணமும் வரியும் உண்டு. மறந்தும் கிரெடிட் கார்டைப் போட்டு ரொக்கம் எடுக்காதீர்கள். கட்டணத்தோடு அன்றைய தினத்திலிருந்தே வட்டியும் சேரும்.

பாஸ்புக்கில் புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். யு.பி.ஐ. லைட் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். பின் எண் கேட்காமல் ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை போகும் அந்த வசதியில், நாம் மொத்தமாக ஏற்றிய தொகை மட்டுமே பாஸ்புக்கில் பதிவாகும்; டீக்கும் வடைக்கும் கொடுத்தது அதில் வராது. செலவைக் கட்டுக்குள் கொண்டுவர நினைப்பவர்கள் அதை நிறுத்தி வைப்பது நல்லது.

உங்கள் கணவரின் சிரிப்பையும் தள்ளிவிட முடியாது. ஒருவர் உறையிலும் மற்றவர் செல்போனிலும் செலவு செய்தால் இந்த ஏற்பாடு ஒரு மாதம்கூட நிற்காது. வீட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் பொறுப்பு பெண்ணுக்கும் கேள்வி கேட்கும் உரிமை ஆணுக்கும் என்று அது மாறிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். இருவரின் கைச்செலவு உறையிலும் ஒரே தொகை இருக்கட்டும். அதற்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்க வேண்டாம். ரொக்கம் சுமந்து திரிய அவர் ஒப்பவில்லை என்றால், தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, வாரத் தொகையை மட்டும் அதில் போட்டு, அவருடைய செல்போனில் அந்தக் கணக்கை மட்டுமே இணைத்து வையுங்கள். நோட்டை எண்ணும்போது வரும் தயக்கம் அதில் இருக்காது. தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்ற வரம்பாவது இருக்கும்.

கார்டை வெட்டிப் போடுவதால் கணக்கு மூடப்படாது. ஆண்டுக் கட்டணம் வந்துகொண்டே இருக்கும். பாக்கியை முழுதாகக் கட்டிவிட்டு, கார்டை மூடும்படி எழுத்து வழியாகக் கேளுங்கள். பாக்கி இல்லாத நிலையில் ஏழு வேலை நாட்களுக்குள் மூடித் தர வேண்டும் என்றும், தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டிருக்கிறது. மூடியதற்கான பதில் கைக்கு வரும்வரை, கேட்டு எழுதிய கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.