கேள்வி–பதில்: வடகோடி நகராட்சிகளின் சம்பளக் கணக்கு

கேள்வி: ரஷ்யாவின் வடகோடியில் வேலை பார்ப்போருக்குச் சம்பளம் இரண்டு, மூன்று மடங்கு என்கிறார்கள். அங்குள்ள நகராட்சிகளோ பணமில்லை என்கின்றன. இரண்டும் எப்படி உண்மையாகும்? (அரியலூர் வாசகர்)

பதில்: இரண்டும் உண்மைதான். முதலாவதே இரண்டாவதற்கு ஒரு முக்கியக் காரணமும் கூட. வடபுல ஊதியத்தில் அடிப்படைத் தொகையோடு இரண்டு படிகள் சேர்கின்றன. ஒன்று, இடத்தைப் பொறுத்த பெருக்கு எண். இது வடக்கு ஐரோப்பிய ரஷ்யாவின் நிலக்கரி நகரான வர்குதாவில் 1.6, சைபீரியாவின் சுரங்க நகரான நரில்ஸ்கில் 1.8, வடகிழக்குக் கோடி மாநிலமான சுகோத்காவில் 2. மற்றொன்று, அங்கே பணியாற்றிய காலத்தைப் பொறுத்து ஏறும் படி. தூர வடக்கின் பெரும்பகுதியில் இது 80 சதவீதம் வரையிலும், சுகோத்காவில் 100 சதவீதம் வரையிலும் உயரும். இரண்டு படிகளும் அடிப்படைத் தொகையின் மீதே கணக்கிடப்படுவதால், சுகோத்காவில் ஐந்தாண்டு பணி முடித்தவரின் ஊதியம் அடிப்படையைப் போல மூன்று மடங்காகிறது. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் உதிக்காத துருவ இரவையும், எல்லாப் பொருளும் தொலைவிலிருந்து வந்து சேர வேண்டிய விலைவாசியையும் எண்ணிப் பார்த்தால், இதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பெருக்கல் விதியை வகுப்பது மாஸ்கோ. நகராட்சி நூலகத்துக்கும் பண்பாட்டு மன்றத்துக்கும் சம்பளம் தருவது நகராட்சி. நூறு ரூபிள் ஊதியம் தந்தால், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு முதலியவற்றுக்காக மேலும் சுமார் 30 ரூபிளை முதலாளி என்ற முறையில் அதுவே கட்ட வேண்டும். அந்த நூறில் வருமான வரியாகப் பிடிக்கப்படும் 13 ரூபிளில், நகர வட்டத்துக்கு (அதாவது இத்தகைய நகராட்சிக்கு) சட்டப்படி உறுதியாகத் திரும்பி வருவது 15 சதவீதம், அதாவது 2 ரூபிளுக்கும் குறைவு. நிலவரியும் தனிநபர் சொத்துவரியும் உள்ளூருக்கே உரியவை என்றாலும், மக்கள் வெளியேறி வீடுகள் காலியாகும் ஊரில் அவற்றிலிருந்து எவ்வளவு திரட்டிவிட முடியும்? எஞ்சிய பள்ளத்தை மேலிருந்து வரும் மானியம்தான் நிரப்ப வேண்டும்.

கேள்வி: 2017-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பு இந்த நிலையை மாற்றியதா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: மாற்றியது, அதுவும் ஏழை ஊழியர்களுக்குச் சாதகமாக. 2007-இல் செய்யப்பட்ட ஒரு சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வடபுலப் படிகளையும் சேர்த்தே நாட்டின் குறைந்தபட்ச ஊதியத்தைக் கணக்குக் காட்டும் வழக்கம் பரவியிருந்தது. அதனால் கடுங்குளிரில் பணிபுரியும் துப்புரவாளரும் தெற்கில் பணிபுரிபவரும் ஒரே தொகையைப் பெற நேர்ந்தது. குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேலாகவே படிகள் சேர வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2017 டிசம்பர் 7 அன்று தீர்ப்பளித்தது. அடுத்த மே மாதம் முதல் அந்த ஊதியம் 11,163 ரூபிளாக உயர்ந்தது. முழுப் படி பெறும் துப்புரவாளருக்கு அப்போது வர்குதாவில் 26,791 ரூபிளும், சுகோத்காவில் 33,489 ரூபிளும் தந்தே ஆக வேண்டியிருந்தது.

தீர்ப்பு நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பட்டம் பெற்ற நூலகரின் அடிப்படைச் சம்பளமும் பல இடங்களில் அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழேயே இருந்ததால், அவரும் துப்புரவாளரும் ஒரே தொகையில் வந்து நின்றார்கள். கீழ்த்தட்டை உயர்த்திய கையோடு மேல்தட்டுகளையும் உயர்த்தப் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். விதியை வகுப்பவரே அதற்கான நிதியையும் உறுதி செய்யாவிட்டால், அனுபவமுள்ளவர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போய்விடுவார்கள்.

கேள்வி: அப்படியானால் இத்தகைய ஊர்களை மூடிவிட்டு மக்களைத் தெற்கே குடியமர்த்தலாமே? (மதுரை வாசகர்)

பதில்: வடக்கிலிருந்து வெளியேறுவோருக்கு வீட்டு மானியம் தரும் சட்டம் 2002 முதலே இருக்கிறது. 1992-க்கு முன் வந்து, 15 ஆண்டுகள் அங்கே உழைத்தவர்களுக்கு அது பொருந்தும். மாற்றுத்திறனாளிகள், ஓய்வூதியர்கள் என்று முன்னுரிமை வரிசையும் உண்டு. அந்த வரிசையோ மெதுவாகவே நகர்கிறது. வர்குதாவில் 1989-இல் சுமார் 1,15,000 பேர் இருந்தார்கள். இன்று ஏறத்தாழ அதில் பாதிப் பேரே எஞ்சியிருக்கிறார்கள். மக்கள் பாதியானதால் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களின் நீளம் பாதியாகிவிடவில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்தக் குழாய்களைக் காக்க ஆள் வேண்டும், அவருக்குப் படிகளோடு சேர்ந்த முழுச் சம்பளமும் வேண்டும்.