மறு: ஆசிரியர் பெயரை வைத்து ஆண், பெண் பிரிப்பது

டாக்டர், தஞ்சாவூரில் முதுகலை ஆய்வுக்காக, அறுவை சிகிச்சைக் கட்டுரைகளை எழுதியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கிறீர்கள். பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஊகிக்கும் மென்பொருள், பெண்களைக் குறைத்துக் காட்டுகிறதோ என்று கேட்டிருந்தீர்கள். சந்தேகம் சரிதான். கோளாறு நம் இனிஷியலில் இருக்கிறது.

'கோ. கவிதா'வை விரித்தால் 'கோவிந்தராஜன் கவிதா'. முதலில் வருவதுதான் சொந்தப் பெயர் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அப்பா பெயரைப் பார்த்து மகளை ஆண் கணக்கில் சேர்த்துவிடும்! மன்னார்குடிக்காரியான எனக்கே இது நடந்திருக்கிறது. போதாததற்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் வைக்கும் மணி, ஜோதி மாதிரிப் பெயர்கள் வேறு. எங்கள் தெருவிலேயே இரண்டு ஜோதி, ஒருவர் டீக்கடைக்காரர்.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளமான பப்மெட்டில் ஆசிரியரின் முழுப்பெயர் 2002 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையவற்றுக்கு மூலக் கட்டுரையையே திறந்து பாருங்கள். இந்திய மருத்துவப் பதிவேட்டின் இணையத் தேடலில் தந்தை பெயர் தனியாக வரும்; எது யாருடைய பெயர் என்பது அங்கே தெளிந்துவிடும். அப்படியும் பிடிபடாதவர்களை 'தெரியவில்லை' என்றே தனியாக வையுங்கள். தயவுசெய்து ஆண் பக்கம் தள்ளாதீர்கள்.

அப்புறம், முதல் ஆசிரியரையும் கடைசி ஆசிரியரையும் ஒன்றாகக் கூட்ட வேண்டாம். முதல் இடம் பெரும்பாலும் வேலை பார்த்தவருக்கு, கடைசி இடம் வழிகாட்டும் மூத்தவருக்கு. சேர்த்துக் கூட்டினால், மேல்படியில் பெண்கள் எத்தனை பேர் என்பது மறைந்துபோகும். முதலில் ஒரு 100 பெயரைக் கையாலேயே சரிபார்த்து, மென்பொருள் எத்தனை இடத்தில் தவறுகிறது என்று பாருங்கள். அந்த எண்ணிக்கையையும் ஆய்வேட்டில் எழுதுங்கள்.