ஒருபக்க நோட்டீஸ் காலமும் பிரிட்டன் வரியும்: கிருஷ்ணகிரித் தங்கையின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள தங்கைக்கு,

கணவரின் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவோடு டிபெண்டண்டாக அடுத்த மாதம் லீட்ஸுக்குப் புறப்படும் முன்பே உங்களுக்கும் ஒரு காண்ட்ராக்ட் வேலை அமைந்திருப்பதில் மகிழ்ச்சி. உங்கள் விசாவில் சுயதொழில் செய்யத் தடை இல்லை என்பதால் அந்தக் கவலை வேண்டாம். நீங்கள் எழுதியதன் சாரம் இதுதான்: மென்பொருள் சோதனை வேலை, ஆறு மாத ஒப்பந்தம், நாளுக்கு 350 பவுண்டு. ஏஜென்சி எந்த நாளிலும் உடனடியாக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். நீங்கள் விலகுவதானால் நான்கு வாரங்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, ஐஆர்35 வரிச் சிக்கல் வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருக்கிறார். காவேரிப்பட்டணத்தில் உங்கள் அப்பாவின் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டரோ, நோட்டீஸுக்கும் வரிக்கும் தொடர்பே இல்லை, தைரியமாகக் கையெழுத்துப் போடலாம் என்கிறார். இதில் யார் பேச்சைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

பாலக்கோட்டிலிருந்து வந்து நெடுங்காலமாக இங்கே காண்ட்ராக்ட் வேலையே செய்துவருபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். ஏஜென்சிக்காரர் சொன்ன காரணம் நிற்காது. ஆடிட்டர் சொன்னதில் பாதி சரி; ஆனால் அவர் நம் நாட்டு வழக்கத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார். அங்கே நிறுவனம் தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் பிடித்துவிட்டு மீதியைக் கொடுத்துவிடும். பெரும்பாலான சிறிய ஒப்பந்தங்களில் அதற்குமேல் யாரும் நோண்டுவதில்லை. பிரிட்டனில் நீங்கள் உண்மையில் சுயதொழில் செய்பவரா, வேடம் மாற்றிய ஊழியரா என்பதைத் தீர்மானிப்பதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது; அதுதான் ஐஆர்35. 1999 மார்ச்சில் வெளியான ஒரு பத்திரிகைக் குறிப்பின் எண்ணே அதன் பெயராக ஒட்டிக்கொண்டது. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சொந்த லிமிடெட் கம்பெனி வழியாக வேலை செய்தாலும், அந்தக் கம்பெனியை நடுவிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தால் நீங்கள் வாடிக்கையாளரின், அதாவது ஏஜென்சி உங்களை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்தின், ஊழியர்போல இருக்கிறீர்களா என்பதே அது கேட்கும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது ஒப்பந்தம் எப்படி முடிகிறது என்பதையும் பார்ப்பார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் மாந்தோப்பைக் குத்தகைக்கு விடுவதை நினைத்துப் பாருங்கள். பூ எடுத்த பருவத்தில் விலை பேசி முன்பணம் கைமாறிவிட்டால், காய் பறித்து முடியும் வரை தோப்பு குத்தகைக்காரர் பொறுப்பு. லாபமும் நட்டமும் அவருடையவை. ஒரு மாத நோட்டீஸ் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அதே தோப்பில் மாதச் சம்பளத்துக்குக் காவல் இருப்பவரை நிறுத்துவதென்றால் முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும். பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யின் கையேடும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறது: குறிப்பிட்ட கால நோட்டீஸ் கொடுத்து விலகும் அல்லது விலக்கும் உரிமை ஊழியர் ஒப்பந்தங்களில் வழக்கமானது, சுயதொழில் ஒப்பந்தங்களில் அது குறைவு, அவை பொதுவாக வேலை முடிந்தாலோ நிபந்தனை மீறப்பட்டாலோதான் முடியும்.

இந்த அளவுகோலை உங்கள் ஒப்பந்தத்தின்மேல் வைத்துப் பாருங்கள். ஏஜென்சிக்கு நோட்டீஸ் இல்லை என்பது சுயதொழிலின் பக்கம் சற்றே சாய்கிறது என்றால், உங்களை நான்கு வாரம் கட்டிப்போடும் விதி ஊழியரின் பக்கம் சாய்கிறது. உங்களைக் காப்பதற்காகவே எழுதப்பட்ட விதி என்றால், இரண்டு பக்கமும் நோட்டீஸ் இல்லாமல் அல்லவா எழுதியிருக்க வேண்டும்?

வாடிக்கையாளர் நோட்டீஸ் இல்லாமல் முடித்துக்கொள்ள முடிந்தால், வேலை தரவும் செய்யவும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்ட நிலையே இல்லை, ஆகவே அது வேலைவாய்ப்பு ஆகாது என்ற வாதம் காண்ட்ராக்டர்கள் நடுவே நெடுநாளாகப் புழங்கிவந்தது. ஏஜென்சிக்காரர் அதைத்தான் உங்களிடம் ஒப்பிக்கிறார். அந்த வாதத்தின் பலம் 2024 செப்டம்பர் 16 அன்று பெரிதும் குறைந்துவிட்டது. கால்பந்து நடுவர்களை அமர்த்தும் பி.ஜி.எம்.ஓ.எல். என்ற அமைப்புக்கும் வரித்துறைக்கும் இடையே நடந்த வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அன்று தீர்ப்புச் சொன்னது. பகுதிநேர நடுவர்கள் ஒரு போட்டியை ஏற்றுக்கொண்ட பிறகும் தண்டனையின்றி விலகலாம், அமைப்பும் அந்தப் போட்டியை அவர்களிடமிருந்து திரும்பப் பெறலாம் என்பதால் கடமையே எழவில்லை என்று முதல்நிலைத் தீர்ப்பாயம் கருதியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: முடித்துக்கொள்ளும் உரிமை இருந்தாலும், முடித்துக்கொள்ளாத வரைக்கும் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது, அதுவரைக்கும் இருபக்கக் கடமையும் இருக்கிறது என்றது. இது ஐஆர்35 வழக்கன்று. ஆனால் ஐஆர்35 வழக்குகளிலும் 1968ஆம் ஆண்டின் ரெடி மிக்ஸ்டு கான்கிரீட் தீர்ப்பில் வகுக்கப்பட்ட இதே அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன்படி கடமையும் கட்டுப்பாடும் இருக்கின்றனவா என்று பார்த்தபின் மற்ற அம்சங்கள் அனைத்தையும் சேர்த்து எடைபோடுவார்கள். உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் உரிமை உண்மையிலேயே உண்டா, வேலையை எப்படிச் செய்வது என்று யார் சொல்கிறார், நட்டம் உங்கள் தலையில் விழ வாய்ப்புண்டா என்பனவற்றுக்கு முன் நோட்டீஸ் விதி ஒரு சிறு எடைக்கல்தான். ஆகவே "வரிக்காக" என்று சொல்லி அதை உங்கள் தலையில் கட்டினால், அது வரிக்காக அன்று என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

வரி நிலையை யார் தீர்மானிப்பது என்பது அடுத்தது. 2021 ஏப்ரல் முதல், தனியார் துறையிலும் நடுத்தர, பெரிய வாடிக்கையாளர்களே அதைத் தீர்மானித்து, காரணங்களுடன் உங்களுக்கும் ஏஜென்சிக்கும் எழுத்தில் தர வேண்டும். நீங்கள் மறுப்புத் தெரிவித்தால் 45 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் சட்டப்படி சிறிய நிறுவனமாக இருந்தால் மட்டும் பொறுப்பு உங்கள் கம்பெனிக்கு வந்துவிடும். தவறாகத் தீர்மானித்தால் வரிப்பாக்கியும் உங்கள் கம்பெனியைத்தான் தேடி வரும். ஆகவே கையெழுத்துக்கு முன், வாடிக்கையாளர் எந்த வகை, தீர்மானம் எழுதப்பட்டுவிட்டதா என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். ஏஜென்சிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே உள்ள மேல் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பற்றி என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். அங்கே வாடிக்கையாளர் ஏஜென்சிக்கு நான்கு வாரம் தர வேண்டும் என்றிருந்து, உங்களுக்கு மட்டும் பூஜ்யம் என்றால், அந்த நான்கு வார லாபம் நடுவில் தங்கிவிடுகிறது. பெயர்களையும் தொகைகளையும் மறைத்துவிட்டாவது அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லலாம். பலர் மறுப்பார்கள், மறுப்பதிலிருந்தும் நமக்குச் சிலது விளங்கும்.

ஒருபக்க நோட்டீஸ் உண்மையில் வலிக்கும் இடம், ஐஆர்35க்கு உட்பட்டவர் என்று தீர்மானிக்கப்பட்டு, சொந்தக் கம்பெனி வழியாகவே வேலையைத் தொடரும் நிலைதான். உங்கள் கட்டணத்திலிருந்து ஊழியரைப் போலவே வருமான வரியும் தேசியக் காப்பீடும் (ஓய்வூதியம் போன்ற அரசு நலன்களுக்கான கட்டாயச் சந்தா) பிடிப்பார்கள். முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீடு 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட தொகையில் 15 சதவீதம். சட்டப்படி அது உங்களிடம் பிடிக்கக்கூடாதது என்றாலும், அதைக் கணக்கில் வைத்துத்தான் நாள்கட்டணத்தையே குறைத்துப் பேசுவார்கள். அதே வேளையில், ஊழியருக்குரிய விடுமுறைச் சம்பளமோ சட்டப்படியான நோட்டீஸோ உங்களுக்குக் கிடைக்காது. வரிச் சட்டத்தின் பார்வையில் ஊழியர், தொழிலாளர் சட்டத்தின் பார்வையில் இல்லை என்ற இந்த இரட்டை நிலை எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் நிற்கிறது.

இதனால்தான் அந்த நிலையில் பலர் அம்ப்ரெல்லா நிறுவனத்தின் (காண்ட்ராக்டர்களைத் தன் ஊழியராக வைத்துச் சம்பளம் தரும் இடை நிறுவனம்) ஊழியராகச் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு மாதம் வேலை செய்தபின் குறைந்தது ஒரு வார நோட்டீஸ் சட்டப்படியே உண்டு, ஆண்டுக்கு 5.6 வார விடுமுறைச் சம்பளமும் உண்டு. நோட்டீஸுக்குப் பதிலாகப் பணம் தந்தால், 2018 ஏப்ரல் முதல் அது முழுவதும் சம்பளம்போல வரிக்கு உட்பட்டது. வேலையிழப்பு இழப்பீட்டுக்கான 30,000 பவுண்டு விலக்கு அதற்குப் பொருந்தாது. ஐஆர்35க்கு வெளியே இருக்கும் லிமிடெட் கம்பெனியாக இருந்தால், ஒப்பந்தத்தை இடையில் முறித்ததற்காக வரும் தொகை கம்பெனியின் வியாபார வருமானத்தில் சேர்ந்து கார்ப்பரேஷன் வரிக்கு (கம்பெனி லாபத்தின்மீதான வரி) வரும். லாபம் 50,000 பவுண்டு வரை அது 19 சதவீதம். வாட் (மதிப்புக்கூட்டு வரி) பதிவு செய்திருந்தால் அந்தத் தொகைக்கும் பெரும்பாலும் வாட் உண்டு. உங்கள் ஆடிட்டர் தொடர்பே இல்லை என்றது இந்த இடத்தில்தான் பொருந்தாமல் போகிறது.

இனி, நோட்டீஸ் காலத்தை இரண்டு பக்கமும் சமமாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் "வேலை தருவதற்கு வாடிக்கையாளர் கடமைப்பட்டவர் அல்லர்" என்றும், "கையொப்பமிட்ட டைம்ஷீட்டுக்கு மட்டுமே பணம்" என்றும் ஓரிரு வரிகள் அநேகமாக இருக்கும். அவை இருக்கும் வரை, ஏஜென்சி உங்களுக்கு நான்கு வார நோட்டீஸ் கொடுத்துவிட்டு அந்த நான்கு வாரமும் ஒரு நாள் வேலைகூடத் தராமல் இருக்கலாம். உங்களுக்கு 7,000 பவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. நீங்கள் தர வேண்டிய நான்கு வாரம் மட்டும் உண்மையாகவே நான்கு வாரம். சொல்லாமல் விலகினால் கடைசி இன்வாய்ஸிலிருந்து கழித்துக்கொள்வோம் என்ற விதியும் அருகிலேயே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அது இருந்தால், நோட்டீஸைக் குறைப்பதைவிட அதை நீக்கச் சொல்வதே முதல் வேலை.

பேரம் பேசினால் வேலை கைநழுவிப் போகுமோ என்று நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எப்போதும் ஒரு தயக்கம். இங்கே ஒப்பந்த வரைவைத் திருத்தி அனுப்புவதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. "இருதரப்பும் ஒரு வார எழுத்து நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம், நோட்டீஸ் காலத்தில் வேலை தரப்படாவிட்டாலும் அந்த நாள்களுக்கு ஒப்புக்கொண்ட நாள்கட்டணம் வழங்கப்படும்" என்று ஒரே வாக்கியமாக எழுதி அனுப்புங்கள். இரண்டாம் பாதியை அவர்கள் அநேகமாக வெட்டுவார்கள். வரித் தீர்மானத்தில் அது ஊழியர் பக்கம் சற்றுச் சாயக்கூடியது என்பதால் நானும் அதற்காகப் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். முதல் பாதியை விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்கும் இணங்காவிட்டால் நாள்கட்டணத்தை உயர்த்திக் கேளுங்கள். எந்த நிமிடமும் நிறுத்தப்படலாம் என்ற அபாயத்துக்கு ஒரு விலை உண்டு.

ஒப்பந்தத்தோடு, ஏஜென்சி வழியாக வேலை செய்பவர்களைப் பாதுகாக்கும் 2003ஆம் ஆண்டு ஏஜென்சி விதிகளிலிருந்து விலகிக்கொள்ளும் படிவம் ஒன்றையும் அனுப்பியிருப்பார்கள். அதில் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. கையெழுத்திட்டால்தான் வேலை என்று ஏஜென்சி நிபந்தனை போடவும் கூடாது. விலகாமல் இருந்தால், வாடிக்கையாளர் இன்னும் பணம் தரவில்லை, டைம்ஷீட்டில் கையொப்பம் வாங்கவில்லை என்ற காரணங்களைக் காட்டி, நீங்கள் செய்த வேலைக்கான பணத்தை ஏஜென்சி நிறுத்திவைக்க முடியாது. நியாயமான நோட்டீஸ் கேட்பதை அந்த விதிகள் தடுக்கவில்லை. ஆறு மாத ஒப்பந்தத்துக்கு நான்கு வாரம் நியாயமா என்று வாதாட அவை இடம் தருகின்றன. நோட்டீஸ் விதி திருத்தப்பட்டுக் கைக்கு வரும் வரை அந்தப் படிவத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பாலக்கோட்டு அண்ணன்