முதலில் நாடியைப் பார், அப்புறம் டாக்டரைக் கூப்பிடு

கேள்வி: சிஸ்டர், நான் தாதியர் டிப்ளோமா கடைசி ஆண்டு மாணவி, வாரியத் தேர்வுக்குப் படிக்கிறேன். மாதிரிக் கேள்வி ஒன்றில் 74 வயதுப் பெரியவர், இதயம் பலவீனம், டிகாக்சின் என்ற இதய மருந்தும் ஃபுரூசமைடு என்ற நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். இரண்டு நாளாகப் பசியில்லை, குமட்டுகிறது, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார். காலை மாத்திரை நேரம். முதலில் என்ன செய்வாய்? ‘டாக்டரிடம் சொல்வேன்’ என்று போட்டேன், தப்பாம். ஏன்?
- சுங்கை சிப்புட் வாசகி

பதில்: டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும் தங்கச்சி, ஆனால் நீ போனை எடுத்தவுடன் அவர் கேட்கும் முதல் கேள்வி “நாடி எத்தனை?” என்பதுதான், அதற்கு என்ன சொல்வாய்? அதனால்தான் முதலில் நாடி. அதுவும் மணிக்கட்டில் பிடித்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது இல்லை. இடது மார்பில் ஐந்தாவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். டிகாக்சின் நாடியைக் குறைக்கும், அதனால் பெரியவர்களுக்கு 60க்குக் கீழே என்றால் அந்த மாத்திரையைக் கொடுக்காதே. இந்தப் பெரியவருக்கோ நாடி 70 இருந்தாலும் நிறுத்திவைத்துவிட்டுத்தான் டாக்டரைக் கூப்பிடுவேன், ஏனென்றால் பசியின்மை, குமட்டல், மஞ்சள் பார்வை மூன்றும் சேர்ந்தால் டிகாக்சின் விஷமாகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாத்தா இருந்தார், 40 வருடம் பால்மரம் சீவியவர், கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே தள்ளி வைத்துவிட்டு “மிஸ்ஸி, இந்தப் போர்வையை மாத்திட்டீங்களா, மஞ்சளா இருக்கே” என்றார். போர்வை வெள்ளை. எண்ணிப் பார்த்தேன், 48. இன்றைக்கும் டிகாக்சின் என்று படித்தால் எனக்கு அந்தப் போர்வைதான் ஞாபகம் வரும். டிகாக்சின் ஃபாக்ஸ்குளோவ் வகைச் செடியிலிருந்து வருவது. அந்தச் செடியை வைத்தியத்துக்குப் பயன்படுத்திய வில்லியம் விதரிங் என்ற ஆங்கில டாக்டர், அளவு மிஞ்சினால் பொருள்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் தெரியும் என்று 1785லேயே எழுதி வைத்திருக்கிறார்.

சரி, கேள்வியில் ஃபுரூசமைடை ஏன் சேர்த்தார்கள்? அது சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியே தள்ளிவிடும். இதயத் தசைச் செல்லில் இருக்கும் ஒரு பம்ப்பைப் பிடிக்க டிகாக்சினும் பொட்டாசியமும் போட்டி போடுகின்றன, பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் அதிகமாக ஒட்டிக்கொள்ளும், அதே மாத்திரை அதே அளவில் விஷமாகிவிடும். அதனால் அடுத்து ரத்தத்தில் பொட்டாசியம் பார்ப்பார்கள் (3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை சரி), டிகாக்சின் அளவும் இசிஜியும் பார்ப்பார்கள். பொட்டாசியம் குறைவு என்றதும் ‘ஊசியில் நேராக நரம்பில் தள்ளுவேன்’ என்ற விடை கண்ணில் பட்டால் அதைத் தொடவே தொடாதே, இதயம் நின்றுவிடும். கலந்து, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

கேள்வி: அமெரிக்கப் புத்தகத்தில் ரத்தச் சர்க்கரை 54 என்று போட்டு ‘ஆபத்து’ என்கிறார்கள். நம் மலேசிய வார்டில் 5, 6 என்றுதானே எழுதுகிறோம்?
- பீடோர் மாணவர்

பதில்: அவர்கள் மில்லிகிராமில் சொல்கிறார்கள் தம்பி, நாம் மில்லிமோலில். 18ஆல் வகுத்துக்கொள், 54 என்றால் 3. நமக்கு 4க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி குத்திப் பார். வீட்டார் ஆசையாகப் பால் ஊற்றி மைலோ கலக்கிக் கொண்டுவருவார்கள், பாலின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும், அதை அப்புறம் குடிக்கட்டும். நினைவு இல்லையென்றால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதே, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் நரம்பு வழியாக, நரம்பு கிடைக்காவிட்டால் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி.