குளியலறைக்குள் கேஸ் கீசர்: எக்ஸாஸ்ட் ஃபேன் போதுமா?

ஊட்டியில் ஐந்துக்கு ஏழடிக் குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருப்பதாகவும், குளிக்கும்போது உங்கள் மனைவிக்குத் தலை சுற்றுவதாகவும், எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது, இன்றே அதை நிறுத்திவிடுங்கள். கதவும் சன்னலும் மூடிய அறையில் ஆக்சிஜன் குறையக் குறையச் சுடர் அரைகுறையாக எரிந்து, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை உண்டாக்குகிறது. அது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் பற்றிக்கொள்வதால், உடலுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல், எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கக்கூட வலுவில்லாமல் போகலாம். எரிவாயு கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுக்கும், இதைக் காட்டாது. சுடர் மஞ்சளாக எரிகிறதா, மூடியின் மேல் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள் (இல்லையென்றாலும் நம்பிவிட வேண்டாம்). கீசரைக் காற்றோட்டமுள்ள வெளிச்சுவருக்கு மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். புகைபோக்கி வைத்த மாடலானாலும், வெளிக்காற்று நுழைய வழியில்லாத அறையில் ஃபேன் அந்தப் புகையையே உள்ளே திருப்பி இழுக்கக்கூடும். மனைவியை மருத்துவரிடம் காட்டும்போது கீசரைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள்.