கோதுமை பியரில் ரச வாசனை

மலேசியாவின் பட்டர்வொர்த் நகரிலிருந்து எழுதிய நண்பருக்கு, வீட்டில் காய்ச்சிய 20 லிட்டர் பெல்ஜிய கோதுமை பியரில் ரச வாசனை வருகிறது, கலங்கலாகவும் இருக்கிறது என்கிறீர்கள். 60 கிராம் மல்லியை வறுத்துப் பொடித்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் ரசம் மணக்காமல் வேறென்ன மணக்கும்?

மல்லியை வறுக்கவே கூடாது. பினாங்கு லிட்டில் இந்தியா கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். உருண்டையாக, பழுப்பாக இருப்பதை விடுங்கள். சற்றே நீண்டு வெளிர்மஞ்சளாக இருக்கும் இந்திய மல்லியை விரலால் நசுக்கிப் பாருங்கள். ஆரஞ்சுத் தோலின் வாசம் எழும். 15 கிராம் போதும். உரலில் ஒவ்வொரு விதையும் இரண்டாக உடையும் அளவுக்குத் தட்டி, அடுப்பை அணைக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போடுங்கள். பழைய மல்லி பன்றி இறைச்சி வாடையைத் தரும். நானே ஒருமுறை ஒரு வாளி பியர் முழுவதையும் கீழே கொட்டினேன். மல்லியோடு ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பதானால், வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவுங்கள்.

கலங்கல் குறையன்று, இந்த பியரின் லட்சணமே அதுதான். கோதுமைப் புரதம் செய்யும் வேலை. 1960களில் பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் இதற்கு மறுபடி உயிர் கொடுத்த பியேர் செலிஸ் என்பவர் ஒரு பால்காரர் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கை.

உங்களுக்கு உண்மையான எதிரி நம் ஊர் வெயில். 30 டிகிரியில் நொதித்தால் சாராய நெடிதான் மிஞ்சும். பியர் நொதிக்கும் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றி 20 டிகிரியை ஒட்டி வைத்திருங்கள். கலால் உரிமச் சங்கதி உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.