அப்டேட்டுக்குப் பிறகு மிஞ்சும் பழைய கான்ஃபிக் கோப்புகள்: அழிக்கலாமா?

கேள்வி: டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) சர்வரை அடுத்த பதிப்புக்கு ஏற்றினேன். மென்பொருள்களின் அமைப்புகளைச் சொல்லும் கான்ஃபிக் கோப்புகளைப் பட்டியலிட்டால், அவை இருக்கும் எட்சி (/etc) கோப்புறையில் உள்ள நாலைந்து கோப்புகளுக்கு எதிரே ‘அப்சொலீட்’ என்று வருகிறது. எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

பதில்: மொத்தமாக அழிக்க வேண்டாம். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஒன்றுதான்: மென்பொருளின் புதிய பேக்கேஜில் (நிறுவல் தொகுப்பில்) அந்தக் கோப்பு இல்லை. ஆனால் மென்பொருள் அதை இன்னமும் படித்துக்கொண்டிருக்கலாம். பலரும் இடறுவது இங்கேதான்.

எட்சியில் நீங்கள் கைவைத்திருக்கலாம் என்பதால், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான டிபிகேஜி அங்கே தானாக எதையும் நீக்காது. பேக்கேஜைப் பராமரிப்பவர் நீக்கச் சொல்லி எழுதியிருந்தால்தான் போகும். அப்போதும் நீங்கள் திருத்திய கோப்பாக இருந்தால் ‘டிபிகேஜி-பேக்’ என்ற பின்னொட்டோடு பத்திரமாக இருக்கும். அவர் எழுதாமல் விட்டால் பழையது அங்கேயே கிடக்கும்.

கிடந்தால் என்ன? லாக் (பதிவு) கோப்புகளை அவ்வப்போது சுழற்றிப் பழையதை ஒதுக்கும் லாக்ரொட்டேட்டின் கோப்புறையைப் பாருங்கள். ஒரு பேக்கேஜ் தன் கோப்பின் பெயரை மாற்றியிருக்கிறது என்று வையுங்கள். பழையதும் புதியதும் அருகருகே இருக்கின்றன, இரண்டிலும் ஒரே லாக்கின் பெயர். லாக்ரொட்டேட் இரண்டையும் படித்துவிட்டு, ஒரே லாக் இருமுறை வருகிறது என்று பிழை காட்டும். பழையதை அதே இடத்தில் வேறு பின்னொட்டு போட்டு வைத்தாலும் போதாது. டிபிகேஜி-ஓல்டு போலத் தனக்குத் தெரிந்த சில பின்னொட்டுகளைத்தான் லாக்ரொட்டேட் படிக்காமல் விடும். நீங்களாக வைத்த பெயரைப் படித்துவிடும். அதனால் எட்சிக்கு வெளியே நகர்த்துங்கள்.

நகர்த்துமுன் ஒரு சோதனை. பட்டியலில் கோப்பின் பெயரை அடுத்து ஒரு நீளமான எண்-எழுத்துச் சரம் இருக்கும். பேக்கேஜோடு வந்த மூலக் கோப்பின் எம்டி5 அது, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற அடையாளம். எம்டி5சம் கட்டளையை உங்கள் கோப்பின் மீது ஓட்டுங்கள். இரண்டும் ஒன்றானால் நீங்கள் எதையும் மாற்றவில்லை, தயங்காமல் நகர்த்தலாம். வேறுபட்டால் உள்ளே உங்கள் வரிகள் இருக்கின்றன. என்றோ ஒரு நாள் காரணத்தோடு போட்ட வரிகள் அவை. புதிய கோப்பில் அவற்றுக்கு எது ஈடு என்று தேடிச் சேர்த்த பிறகே பழையதை எடுங்கள். அப்புறம் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து லாக்கைப் பாருங்கள்.

ரெட் ஹேட் வகை லினக்ஸில் நடைமுறை வேறு: புதிய பேக்கேஜ் கைவிட்ட கோப்பை நீங்கள் திருத்தியிருந்தால், அங்குள்ள பேக்கேஜ் கருவியான ஆர்பிஎம் அதை ‘ஆர்பிஎம்சேவ்’ என்ற பின்னொட்டோடு பெயர் மாற்றி வைக்கும், திருத்தாததை நீக்கிவிடும்.

டெபியனில் பேக்கேஜ்களின் பட்டியலில் ‘ஆர்சி’ என்று நிற்பவை தனி. பேக்கேஜ் போய்விட்டது, கான்ஃபிக் மட்டும் மிச்சம். அவற்றுக்கு பர்ஜ் (கான்ஃபிக்கோடு முழுதாக நீக்கும் கட்டளை) போதும். ஆனால் டேட்டாபேஸ் பேக்கேஜ் என்றால் முதலில் பேக்கப் எடுங்கள். சில பேக்கேஜ்கள் பர்ஜின்போது தரவையும் சேர்த்து நீக்கிவிடும்.